இரண்டு மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் டைம் கீப்பர் வந்து என் கண்ணாடிக் கூண்டின் கதவைத் தட்டினார். இந்தப் பேருந்து நிலையத்தில் பதினான்கு வருடமாக அறிவிப்பு சொல்கிறேன். அவர் கதவைத் தட்டியதே இல்லை, கண்ணாடியைத்தான் தட்டுவார். எந்த வண்டியை எந்த ஊருக்கு அனுப்பித் தொலைத்தேனோ என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

"உன்னை மைதானத்துல கேக்குறாங்கம்மா," என்றார்.

அடுத்த வாரம் நம் ஊரில் கால்பந்துப் போட்டி. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்கள், நான்கு நாடுகள்: நாமும் நம்மைச் சுற்றியிருக்கும் மூன்று பேரும். அறிவிப்பாளராக வர இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். போட்டிக் குழுவின் செயலாளர் நேற்று நம் நிலையத்தில் ஒரு மணி நேரம் வண்டிக்காகக் காத்திருந்தார். வண்டி தாமதம். (வாழ்க தாமதம்.) அந்த ஒரு மணி நேரமும் என் குரலைக் கேட்டிருக்கிறார்.

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பந்து உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டு "சரி" என்றது.

பதினான்கு வருடமாக என் குரலைக் கேட்டதும் ஜனங்கள் எழுந்து போகிறார்கள். அதுதான் என் வேலை, குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை என் குரலைக் கேட்க ஜனங்கள் உட்கார வேண்டும். இறுதி ஆட்டம் பதினைந்தாம் தேதி. அன்றைக்கு அந்த மைக் என் கையில் இருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் இது என்ன கூத்து.

மார்ச் 4, புதன்

வீட்டில் சொன்னேன். என்னவர் பூட்டு பழுது பார்க்கிறவர். வாயையும் பூட்டியே வைத்திருப்பார். "நல்லது" என்றார். அவர் கணக்கில் அது சொற்பொழிவு.

நாத்தனார்தான் கட்டிலில் விழுந்து சிரித்தாள். மருந்துக்கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் கால்பந்து, நம் நீல அணி தோற்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். "அண்ணி, ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். உடனே அண்ணனின் சாவிகளை மேசையில் பரப்பினாள். பித்தளைச் சாவி நாம், இரும்புச் சாவி அவர்கள், உப்பு ஜாடி கோல். பொத்தான்தான் பந்து. ஒரு மணி நேரம் விளக்கினாள். புரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பியபோது புரிந்தது போய்விட்டது.

மார்ச் 5, வியாழன்

காலையில் என்னவர் வாடிக்கையாளர் சாவி ஒன்றைக் காணோம் என்று வீட்டைப் புரட்டினார். உப்பு ஜாடிக்குள் இருந்தது. எங்கள் கடைசி கோலில் பந்தோடு ஆளும் உள்ளே போயிருக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

பல் தேய்க்கும்போதும் "கார்னர் கிக், நீல அணிக்கு" என்று சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடி முழுக்க நுரை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவா வேண்டாமா. எழுதுகிறேன்.

மைதானத்தின் அறிவிப்பு அறைக்கு இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டும். மேலே தகரக் கூரை, ஒரு மைக், ஒரு சுவிட்சு, கீழே நாலாயிரம் தலைகள். செயலாளர் பக்கத்தில் நின்றார். இந்த வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார், அதனால் நாத்தனாரும் நானும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கோட்டு.

முதல் ஆட்டம் நம் நீலமும் வெள்ளை அணியும். சுவிட்சைப் போட்டேன். மூச்சை இழுத்தேன். மிக அழகாக, மிகத் தெளிவாகச் சொன்னேன்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

நாலாயிரம் பேரும் சிரித்தார்கள். கோட்டின் முகம் சுருங்கிப் போனது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அணிகளைப் படித்தேன். சமாளித்துவிட்டேன் என்று நினைத்தபோது நம் ஒன்பதாம் எண் கோல் அடித்துவிட்டாள். என் வாய் யாரைக் கேட்கிறது? "தடம் எண் ஒன்பது" என்றது. அப்புறம் அந்தப் பெண் பந்தைத் தொட்டபோதெல்லாம் மொத்த மைதானமும் "போலாம் ரைட்" என்று கத்தியது. அவளும் ஓடினாள் பாருங்கள், பிரேக் இல்லாத வண்டி மாதிரி. நாம் ஜெயித்தோம்.

"அம்மா, இது பஸ் ஸ்டாண்டு இல்ல," என்றார் கோட்டு. ஆனால் ஜனங்கள் குதூகலமாக இருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆட்டம் மஞ்சளும் பச்சையும். மஞ்சள் நாட்டு மொழி எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. பட்டியல் ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தது. அதில் குறில் எது நெடில் எது? எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 'ஏ'தான். பத்தாம் எண், மெலிந்த பெண், இரட்டைச் சடை, பந்தைக் காலில் ஒட்டவைத்தது மாதிரி ஓடினாள். பதினைந்தாவது நிமிடத்தில் கோல். அவள் பெயரை நன்றாக முழங்கினேன். மஞ்சள் அணியின் பெஞ்சிலிருந்து ஒரே சத்தம், குவாக் குவாக் என்று. அவர்கள் ஊரில் இப்படித்தான் கொண்டாடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை முழங்கினேன்.

அந்தப் பெண் அதற்கப்புறம் சரியாக ஆடவில்லை. பந்து வந்தால் சட்டென்று வேறு யாருக்காவது தள்ளிவிட்டாள். கோல் அருகில் சும்மா கிடைத்த பந்தையும் விட்டாள். ஆட்டம் சமன்.

முடிந்ததும் ஒருவர் ஏணி ஏறி வந்தார். மஞ்சள் அணியின் வண்டி டிரைவர். எல்லை தாண்டி இந்த ஊருக்கு வண்டி ஓட்டி வருகிறவர், நம் பேச்சு நன்றாகவே பேசினார். "உங்க குரல் எனக்குத் தெரியும்மா. பன்னெண்டு வருஷமா நீங்க சொன்னப்புறம்தான் நான் கியர் போடுறேன். அதான் நானே சொல்லிடலாம்னு வந்தேன். எங்க பத்தாம் நம்பர் பேரு இருக்கே, அதை நீட்டிச் சொன்னா மழைக்கு முன்னாடி வர்ற காத்து. குறுக்கிச் சொன்னா வாத்து."

வாத்து. நாலாயிரம் பேர் முன்னாடி. மூணு தடவை.

ஐயோ, ஒரு குழந்தை அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கோல் அடிச்சிருக்கு, நான் அதைப் போய் வாத்துன்னு கூப்பிட்டிருக்கேனே. பேருந்து நிலையத்துல ஒரு ஊர்ப்பேரைத் தப்பாச் சொன்னா அந்த ஊர்க்காரன் கூண்டு வரைக்கும் வந்து சண்டை போடுவான். இவ யார்கிட்ட வந்து சண்டை போடுவா? பாஷைகூடத் தெரியாதே.

மார்ச் 9, திங்கள்

காலை முறை முடிந்ததும் நேராக மஞ்சள் அணி தங்கியிருக்கும் விடுதிக்குப் போனேன். டிரைவரிடம் கெஞ்சி உள்ளே போனேன். நடைவழி முழுக்க ஈரச் சட்டைகள், காலுறைகள், ஒரு கதவின் குமிழில் முழங்கால் கட்டு தொங்கியது.

பத்தாம் எண் தரையில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று டிரைவர் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். முட்டி கடகடவென்றது. அதற்கு ஒரு மூலையில் சிரிப்பு கேட்டது. "மன்னிச்சுக்கோம்மா. உன் பேரை நீயே சொல்லிக் குடு," என்றேன். டிரைவர் மொழிபெயர்த்தார்.

சொன்னாள். நான் சொன்னேன். தலையை ஆட்டினாள், இல்லை. மறுபடி. இல்லை. பிறகு அவள் இரண்டு விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கிக் காட்டினாள். இரண்டு விரலும் மடங்கும் வரை அந்த எழுத்தை இழுக்க வேண்டும். பதினோராவது தடவை சரியாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் என்ன, ஒவ்வொருத்தியாக வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள், என் பெயர், என் பெயர் என்று. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, மேலே கோடு, கீழே புள்ளி என்று எனக்கு மட்டும் புரிகிற அடையாளங்களைப் போட்டுக்கொண்டேன். கோல் கீப்பரின் பெயர் நம் ழகரம் மாதிரி ஒன்றில் முடிந்தது. முதல் தடவையே சொன்னேன். விடுதியே கை தட்டியது. அவர்கள் போன எந்த நாட்டிலும் யாரும் அதைச் சரியாகச் சொன்னதில்லையாம். அதில் என் திறமை என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்து சொல்கிறேன். இருந்தாலும் தலை கொஞ்சம் கனத்தது.

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னேன், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, நான் ஒன்றைக் குறைத்ததில் வந்த வினை என்று. "மாத்திரை விஷயம்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல அண்ணி," என்றாள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மார்ச் 10, செவ்வாய்

பச்சை அணியிடமும் வெள்ளை அணியிடமும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மதியமே போய்விட்டேன். இப்போது எல்லாப் பெயரும் என்னிடம் இருக்கிறது.

மாலை ஆட்டத்தில் பத்தாம் எண் இரண்டு கோல். இரண்டு தடவையும் இரண்டு மாத்திரை. இரண்டாவது கோலுக்கு அவள் ஓடிவந்து, என் தகர அறையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கோல் அடித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஏணியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை, நிஜமாகவே ஒரு படி தவறிவிட்டது. சிராய்ப்புதான்.

மார்ச் 11, புதன்

கோட்டு கூப்பிட்டனுப்பினார். இறுதி ஆட்டம் டிவியில் நேரலையாம். அதனால் வானொலியில் செய்தி வாசிக்கும் ஒருவரைத் தலைநகரத்திலிருந்து வரவழைக்கிறார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க நல்லாத்தான் பண்றீங்க. ஆனா அன்னைக்குத் தடம் எண் கிடம் எண்ணுன்னு வந்துட்டா நாடே பாக்கும்ல."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்பவும் சரிங்கதான்.

எனக்கு வேணும்னு ஒருத்தர்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லலையே. இந்த நோட்டுகிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? இது போய்ப் பேசுமா? ஆசைப்பட்டது தப்பா? இல்ல, பயணிகளைக் கூப்பிட்டது தப்பா?

மார்ச் 12, வியாழன்

இறுதிக்கு நீலமும் மஞ்சளும். ஊரே ஆடுகிறது. நாத்தனார் மருந்துக்கடையில் வாடிக்கையாளர் ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டாளாம், அவர் இருமல் மருந்து வாங்க வந்தவர்.

மார்ச் 13, வெள்ளி

இன்று மூன்று வண்டிகளை ஒரே நடைமேடைக்கு வரச் சொல்லிவிட்டேன். டைம் கீப்பர் கண்ணாடியைத்தான் தட்டினார்.

மார்ச் 14, சனி

வானொலிக்காரருக்குச் சுவிட்சு, வயர் எல்லாம் காட்டிக்கொடுக்க என்னை வரச் சொன்னார்கள். ஒத்திகை. இரண்டு அணிகளும் கீழே வரிசையாக நின்றன.

குரலைக் கேட்டதும் எனக்கே மயக்கம் வந்தது. தேனில் ஊறவைத்த குரல். நம் பெண்களின் பெயர்களை அவர் படித்தபோது அந்தப் பிள்ளைகள் ஒரு அங்குலம் வளர்ந்ததுபோல் நின்றார்கள். ஒத்துக்கொள்கிறேன், என்னால் அப்படி முடியாது.

அடுத்து மஞ்சள் பட்டியலை எடுத்தார். அதே ஆங்கில எழுத்து. எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தனக்குத்தானே எழுதிக்கொள்கிற இடத்திலாவது பொய் வேண்டாம். நோட்டு என் பையில் இருந்தது, பையை நான் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கோல் கீப்பரின் ழகரத்தை லகரமாக்கினார். மூன்றாம் எண்ணின் பெயரை இரண்டாக உடைத்தார். பத்தாம் எண்ணுக்கு வந்தார். தேன் குரலில், கம்பீரமாக, வாத்து.

மஞ்சள் அணி பதினெட்டுப் பேரும் குவாக் குவாக் என்று கத்தினார்கள். முன்னால் நின்று கத்தியது யார் என்கிறீர்கள், பத்தாம் எண்ணேதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்து இரண்டு விரலை நீட்டினாள். மற்ற பதினேழு பேரும் நீட்டினார்கள்.

அவர்களின் மேலாளர் அம்மா டிரைவரோடு கோட்டிடம் போனார். மைதானம் காலி, அதனால் மேலேயே கேட்டது. "எங்க பிள்ளைங்க பேரை மேல இருக்கிற அம்மா சொல்லட்டும்னு சொல்றாங்க. முடியாதுன்னா நம்பர் மட்டும் படிங்க, பேர் வேண்டாமாம்," என்றார் டிரைவர்.

கோட்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அப்போது நான் வாயைத் திறந்தேன். மைக்கில்லாமல், கூண்டில்லாமல், ஏணியில் பாதி இறங்கி நின்றுகொண்டு சொன்னேன்: "ஐயா, எனக்கு வேணும். நான் சொல்றேன். எனக்கு நாளைக்குச் சொல்லணும்."

வானொலிக்காரர்தான் முதலில் சிரித்தார். "குடுத்துடுங்க சார். இந்தப் பேரெல்லாம் எனக்குப் பல்லுல மாட்டுது."

முடிவு: நம் அணிக்கு அவர். மஞ்சள் அணிக்கு நான். ஒரே அறை, இரண்டு மைக்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப நாளைக்கு எங்க அண்ணி எதிரணியா?"

மார்ச் 15, ஞாயிறு

மூன்று மணிக்கே இடமில்லை. மரத்தில்கூட ஆள். எங்கு பார்த்தாலும் நீலம். கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு மஞ்சள்.

அவர் படித்தார், மைதானம் அதிர்ந்தது. நான் படித்தேன், அந்தக் கைக்குட்டை அதிர்ந்தது. பதினெட்டுப் பெயரும் ஒரு பிசகில்லை. கேட்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றவர்கள் இடமில்லாமல் நின்றவர்கள், அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முதல் பாதியில் நம் ஒன்பதாம் எண் கோல் அடித்தாள். தேன்குரல் அறிவித்தது, ஜனங்கள் "போலாம் ரைட்" என்றார்கள். அவர் மைக்கை மூடிவிட்டு என்னிடம் "இது எதுக்கு?" என்று கேட்டார். "அது பழைய கதை," என்றேன். இரண்டாம் பாதியில் மஞ்சளின் மூன்றாம் எண் தலையால் முட்டிச் சமன் செய்தாள். அந்தப் பெயரை நான் சொன்னபோது கைக்குட்டைக்கு வெளியிலும் நாலைந்து கைதட்டல் கேட்டது.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். பத்தாம் எண்ணிடம் பந்து வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். அடிச்சிடாதே அடிச்சிடாதே என்று ஒரு மனசு. அடி என்று இன்னொரு மனசு. இரண்டும் என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை.

அடித்தாள்.

இத்தனை ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. வானொலிக்காரர் தன் மைக்கிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தார். கீழே இரண்டாவது வரிசையில் நாத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், நீலத் துண்டு கழுத்தில். மெதுவாக, விரைப்பாக, எண்ணை மட்டும் சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பெண் மைதானத்தின் நடுவில் தன் அணிக்காரர்களை விலக்கிவிட்டு நின்றாள். கொண்டாடவில்லை. தலையைச் சாய்த்து ஒலிபெருக்கியைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

சுவிட்சைப் போட்டேன். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது இலக்கணம். நான் எட்டு மாத்திரை கொடுத்தேன். இழுத்து, இழுத்து, மூச்சு தீரும் வரைக்கும். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள், என் குரல் நிற்கும் வரை ஓடினாள். முதலில் கிழக்கு மூலை எழுந்தது. அப்புறம் நம் ஆட்கள், ஒருத்தர், ரெண்டு பேர், ஒரு வரிசை. முணுமுணுப்போடுதான். ஆனால் தட்டினார்கள்.

பதக்கம் கொடுக்கும்போது வானொலிக்காரர் நம் அணியின் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "நம்ம பிள்ளைங்களையும் நீங்களே கூப்பிடுங்க. அழுதுட்டு நிக்குதுங்க. தெரிஞ்ச குரலா இருக்கட்டும்." ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டேன். ஒன்பதாம் எண்ணுக்கு வந்தபோது என் குரலும் உடைந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ஜெயிக்காததற்குத் துக்கம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தோஷம் அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 16, திங்கள்

நாத்தனார் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. மதியம் என் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அவ கோலுக்கு உங்க குரல்ல அவ்வளவு சந்தோஷமா அண்ணி?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

"நல்ல கோல்தான்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். என்னவர் சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே "குரலும்" என்றார்.

ஜூன் 4, வியாழன்

அடுத்த போட்டி மஞ்சள் நாட்டில். நான்கு அணிகளும் கையெழுத்துப் போட்டு, அறிவிப்புக்கு என்னை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கோட்டு அந்தக் கடிதத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருடத்தில் எல்லைக்கு எத்தனை வண்டிகளை அனுப்பியிருப்பேன், ஒன்றிலும் நான் ஏறியதில்லை. இன்று விசா அலுவலகத்துக்குப் போனோம், நாத்தனாரும் நானும்.

விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு இடம். சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், உறவினர் என்று நான்கு கட்டம் போட்டிருந்தது. ஐந்தாவது 'மற்றவை', பக்கத்தில் ஒரு கோடு. நாத்தனார் அதில் "நீல அணி ஜெயிப்பதைப் பார்க்க" என்று எழுதினாள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு "பெயர் கூப்பிட" என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்தவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் பேரை?"

"எழுபத்திரண்டு பேர் இருக்காங்க சார்," என்றேன். "எந்த அணியிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"